பத்து மீட்டர் கயிறு

ஐந்தரைக்கு எழுவேன். நாய் அதற்கு முன்பே எழுந்து கூண்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கூண்டைத் திறந்ததும் வெளியே வந்து உடம்பை ஒருமுறை உதறும். கழுத்துப் பட்டை, வார். கதவைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். மூன்று மாடி இறங்கினால் தெரு. மூன்றாவது விளக்குக் கம்பத்தில் ஒன்றுக்குப் போகும். பூங்காச் சுவரோரம் இரண்டுக்கு. பையில் அள்ளி முடிச்சுப் போட்டுத் தொட்டியில் போடுவேன். திரும்பி வந்து நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பார்ப்பேன். தராசில் இருநூற்று இருபது கிராம் தீனி. பயிற்சி இருக்கும் நாளில் காலைத் தீனி கிடையாது. பசித்த நாய்தான் மூக்கைத் தரையில் வைக்கும். நான் நின்றுகொண்டே இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுவேன். நாய் என்னைப் பார்க்கும். நான் சுவரைப் பார்ப்பேன். எட்டு மணிக்கு அலுவலகம்.

இதில் பயிற்சி என்ற ஒன்றைத் தவிர வேறெதிலும் எனக்குப் பிழை வராது.

நாயின் பெயர் துரை. என் மனைவி வைத்தது. குட்டியாக வந்த முதல் நாள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டதாம். "துரைக்கு ஊட்டி விடணுமாம்" என்றாள். பெயர் நின்றுவிட்டது. நான் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலிலேயே, "துரை இன்னிக்கு கோபமா இருக்கார். நீ எதுவும் வாயைக் கொடுக்காதே" என்பாள்.

துரை எங்கள் நாய் அல்ல, தேடல் குழுவின் நாய். காட்டில் வழி தவறியவர்கள், நினைவு தப்பி வீட்டைவிட்டுப் போன முதியவர்கள், இவர்களைத் தேடப் போகும் தொண்டர் குழு. குட்டிகளை வாங்கி ஆளுக்கு ஒன்றாக ஒப்படைப்பார்கள். வளர்ப்பது, பழக்குவது, அழைப்பு வந்தால் ஓடுவது எல்லாம் அந்த ஆளின் பொறுப்பு. துரை என் மனைவியிடம் வந்தது. குழுவின் தலைவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர்.

அவள் இறந்த இருபதாவது நாள் கேப்டன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப பேசற விஷயமில்லதான். ஆனா நாய் சும்மா இருந்தா கெட்டுப்போயிடும். பல் டாக்டர் இருக்காங்க இல்ல, அவங்க நாய்க்கு வயசாயிடுச்சு. போன வருஷமே ஓய்வு கொடுத்துட்டோம். துரையை அவங்க எடுத்துக்கத் தயார்."

துரை என் காலடியில் படுத்திருந்தது. வீட்டில் மூச்சு விடும் சத்தம் வேறு எதுவும் இல்லை.

"கடைசியா அவ துரையை என்கிட்டயே வெச்சுக்கச் சொன்னா சார்" என்றேன்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

கேப்டன் வெகுநேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்படியா சொன்னா" என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். ஐந்து மாதம் கழித்து வெளிநாட்டில் ஒரு பயிற்சி முகாம், மூன்று நாள். நான்காவது நாள் தடத் தேர்வு. அவள் தன் பெயரையும் துரையின் பெயரையும் ஏற்கெனவே பதிந்திருந்தாள்.

"அவ இடத்துல நீங்க போங்க. அவங்களுக்கு நான் எழுதி ஆள் மாத்திக்கறேன். நூத்துக்கு எழுபது எடுத்தா துரை உங்ககூட. எடுக்கலேன்னா நீங்களே டாக்டர் கையில வாரைக் கொடுத்துடணும். நமக்கு ஓடற நாய் வேணும் தம்பி. அழகு பாக்கற நாய் இல்ல."

சரி என்றேன்.

தடத் தேர்வு பார்க்க எளிமையானது. புல்வெளியில் ஒருவர் முந்நூறு அடி நடந்து போவார். இரண்டு திருப்பம். வழியில் மூன்று இடங்களில் கையளவுகூட இல்லாத சின்னப் பொருள் ஒன்றைப் போட்டுப் போவார்: தோல், துணி, மரம். முதல் நிலைத் தேர்வில் அப்படி நடப்பவர் நாயைப் பிடிப்பவரேதான். இருபது நிமிடம் கழித்து நாயைக் கொண்டுவர வேண்டும். பத்து மீட்டர் கயிற்றின் ஒரு முனை நாயிடம், மறு முனை நம்மிடம். நாய் ஒவ்வொரு அடியாக முகர்ந்து போகும். பொருள் கிடைத்தால் படுத்துக்கொள்ளும். நாம் போய் எடுத்து நடுவர் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு "தேடு" என்றால் நாய் மேலே போகும். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் ஞாயிறுதோறும் குழுவின் மைதானத்துக்குப் போனேன். துரை எனக்கு நாற்பது மதிப்பெண் வரை கொடுத்தது. அதற்கு மேல் கொடுக்கவில்லை.

விமான நிலையத்தில் நாய்களுக்கான கௌண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டினார். தடுப்பூசி, சிப் எண், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் அவள் உயிரோடு இருந்தபோதே தயார் செய்து வைத்திருந்தாள்.

"பொறுப்பாளர்னு ஒரு பேர் இருக்கே. இவங்க யாரு?"

"என் மனைவி."

"அவங்க எங்க?"

"வரல."

"அவங்கதான் கையெழுத்துப் போடணும் சார். பின்னாடியே வராங்களா?"

கேப்டன் குழுவின் கடிதத்தை நீட்டினார். பல் டாக்டர் என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு, "நீங்க போய் துரைக்குத் தண்ணி வைங்க. நான் பேசிக்கறேன்" என்றார். அவர் என் மனைவியின் சிநேகிதி. இரண்டு வருடம் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். நாயில்லாமல் பார்வையாளராக வந்திருந்தார். அதாவது எழுபதுக்குக் குறைந்தால் வாரை வாங்கிக்கொள்ள வேண்டியவர் எங்களுடனேயே பயணம் செய்தார். அது அவருக்கும் சங்கடம். விமானத்தில் என் பக்கத்து இருக்கை கிடைத்தும் பின்வரிசையில் ஒருவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டார்.

முகாம் ஊருக்கு வெளியே. ஒரு பக்கம் கிடங்குகள், மறு பக்கம் புல்வெளி. நாற்பது நாய்கள் வண்டிகளில் முறைக்குக் காத்திருந்தன. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவள் சொல்வதைப் பல் டாக்டர் எங்களுக்குச் சொல்வார்.

முதல் நாள் துரை பத்தடிக்கு ஒருமுறை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் "தேடு" என்றேன். மறுபடி பார்த்தது. அந்தப் பயிற்சிக்காரப் பெண் செல்போனில் என் கையை மட்டும் படம் பிடித்துக் காட்டினாள். துரை ஒரு அடி எடுத்து வைக்கும் முன் என் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னால் போனது. எனக்கே தெரியாமல்.

"உங்க கை வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டே இருக்காம். அது உங்களைக் கேக்குதாம்" என்றார் பல் டாக்டர்.

கேப்டன் பக்கத்தில் நின்றிருந்தார். "பஸ்ல கம்பியைப் பிடிக்கற மாதிரி பிடிக்கறீங்க தம்பி. பிரேக் போட்டா விழுந்துடுவோம்னு."

அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னாள். பல் டாக்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது. கயிற்றை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார் என்றாள்.

கொடுத்தேன். பல் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். துரை மூக்கைத் தரையில் வைத்தது. ஒரே சீராக, ஒரு முறைகூடத் திரும்பாமல், இரண்டு திருப்பங்களையும் தாண்டிப் போய்க் கடைசிப் பொருளின் முன் படுத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பல் டாக்டர் ஓடி வந்தார்.

"அவ பக்கத்துலயே ரெண்டு வருஷம் நின்னிருக்கேன் இல்லையா. என் வாசனை பழக்கம். அதான். வேற ஒண்ணும் இல்ல."

"சரி டாக்டர்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரின்னுதானே சொன்னேன்."

மூன்றாம் நாள் மரப்பலகைக் குவியலுக்குள் ஒருவரை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னார்கள். அது தேர்வில் இல்லை, வெறும் செய்முறை. அதற்கும் பல் டாக்டர்தான் துரையை அழைத்துப் போனார். துரை குவியலைச் சுற்றி ஓடி, ஓரிடத்தில் முன்கால்களை வைத்துக் குரைத்தது. உள்ளே இருந்தவர் வெளியே வந்து பந்தைக் கொடுத்ததும் அதைக் கவ்விக்கொண்டு மைதானம் முழுக்க அர்த்தமில்லாமல் ஓடியது. ஐந்து மாதத்தில் அது அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வீட்டில் துரை நடக்கும், சாப்பிடும், படுக்கும். என்னைப் போலவே.

அன்று மதியம் வண்டிக்குப் பின்னால் நின்று சாப்பிடும்போது பல் டாக்டர் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். இந்த ஐந்து மாதத்தில் குழுவுக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. குழுவில் இப்போது நன்றாகப் பழகிய நாய் துரை ஒன்றுதான். ஆனாலும் இரண்டு தடவையும் கேப்டன் என்னைக் கூப்பிடாமல், தூரத்திலிருந்த வேறு குழுவை வரச் சொல்லியிருக்கிறார். ஒரு பெரியவரை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள்.

"உயிரோடயா?" என்றேன்.

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

மாலை தங்கும் விடுதி அறையில் மாமியார் போன் செய்தார். வாரம் ஒருமுறை செய்வார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே துரையின் கூண்டு. நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து பேசினேன்.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"சாப்டேன் அத்தை."

"அது?"

"அதுவும் சாப்டுச்சு."

"குளிர் அதிகமா? தலைக்கு ஏதாவது கட்டிக்கங்க." பிறகு எப்போதும் வரும் இடத்துக்கு வந்தார். "நான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. கடைசியா என்னைக் கேட்டாளா?"

"கேட்டா அத்தை."

"என்னன்னு?"

"அம்மா மாத்திரை போட்டாங்களான்னு கேட்டா."

"போட்டாங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நல்லது. இல்லேன்னா அதே கவலையா உள்ள போயிருப்பா."

போன வாரம், அம்மா கையால் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று அவள் சொன்னதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின வாரம் வேறொன்று. என் அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு ஒன்று, அவள் அண்ணனுக்கு ஒன்று, கேப்டனுக்கு ஒன்று. யார் கேட்டாலும் அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்தேன். யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை.

தேர்வு நாள் காலை அவளுடைய பயிற்சிப் பையைத் திறந்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் ஒன்று இருந்தது. உள்ளே மூன்று பொருள்கள். தோல், துணி, மரம். கவர் மேலே பேனாவால் "தேர்வுக்கு" என்று எழுதியிருந்தாள். முந்தின நாள் கேப்டன், "பொருள் ரெடியா தம்பி?" என்று கேட்டபோது, "ரெடி சார்" என்று சொல்லியிருந்தேன். மற்றவர்கள் இரண்டு நாளாகத் தங்கள் பொருள்களைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. தாள்கள் எல்லாம் அவள் செய்தபடியே சரியாக இருந்தன. இதுவும் சரியாகத்தான் இருக்கும்.

நடுவரின் உதவியாளர் காட்டிய திசையில் தடம் போட நடந்தேன். அறுபதாவது அடியில் கவரைத் திறந்தேன். முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தோல் துண்டைக் கால்களுக்கு நடுவே போட்டுவிட்டு மேலே நடந்தேன். முதல் திருப்பத்துக்கு அப்புறம் துணி. முடிவில் மரம்.

இருபது நிமிடம் கழித்துத் துரையைக் கொண்டு வந்தேன். கயிற்றைப் பிரித்தேன். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். "தேடு."

துரை போனது. திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு கையில் ஒரே கனமாக இருந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. முதல் தடவையாக நான் இழுக்கவில்லை. வரம்பில் கேப்டன் நிற்பது தெரிந்தது. தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். இருபது அடி, முப்பது, நாற்பது. எழுபது வந்துவிடும் என்று நினைத்தேன். கணக்குகூடப் போட்டேன்.

அறுபதாவது அடியில் துரை நின்றது. மூக்கைத் தாழ்த்தியது. பிறகு படுத்தது. நேராக, இரண்டு முன்கால்களுக்கும் நடுவே அந்தத் தோல் துண்டு. நடுவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நான் கயிற்றைக் கீழே விட்டுவிட்டுப் பக்கத்தில் போனேன். துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். கயிற்றை மறுபடி எடுத்து, "தேடு" என்றேன்.

துரை எழுந்தது. மூக்கைத் தரையில் வைக்கவில்லை. காற்றில் வைத்தது.

"தேடு" என்றேன்.

தேடியது. நான் போட்ட தடத்தை அல்ல. வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது. நான் நடக்காத புல்லில் வட்டம் போட்டது. அதன் தொண்டையிலிருந்து மெலிதாக ஒரு சத்தம் வந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. துரைக்கு முப்பத்திரண்டு கிலோ, எனக்கு எழுபத்தைந்து. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அது போன இடமெல்லாம் பின்னால் போனேன். விசில் கேட்டது. மறுபடி கேட்டது.

புல்வெளியைத் தாண்டி வண்டிகள் நின்ற இடத்துக்கு வந்தோம். துரை ஒவ்வொரு வண்டியின் கதவையும் முகர்ந்தது. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. வரிசையின் கடைசி வண்டிக்கு அப்புறம் வேலிதான். அங்கே நின்றது. திரும்பி என்னிடம் வந்தது. என் இடது கை மூடியிருந்தது. மூக்கால் விரல்களைப் பிரித்து அந்தத் தோல் துண்டை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"உட்கார்" என்றேன். உட்கார்ந்தது.

பல் டாக்டர்தான் முதலில் வந்தார். என் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கவரை எடுத்துப் பார்த்தார்.

"இது அவ கையெழுத்து."

"ஆமா."

"இதையா வெச்சீங்க?"

"தேர்வுக்குன்னு எழுதியிருந்தது."

"ஐயோ, அது அவ தன் வாசனை ஏத்தி வெச்சிருந்ததுங்க. தடம் போடறவங்க வாசனைதான் பொருள்லயும் இருக்கணும். உங்க தடத்துல வந்துட்டு, திடீர்னு அவ வாசனை வந்தா…" அவர் கவரின் வாயை அழுத்தி மூடினார். மறுபடி ஒருமுறை அழுத்தினார்.

"இப்ப தெரியுது டாக்டர்" என்றேன்.

நூற்றுக்குப் பதினெட்டு. முதல் பொருளுக்கு மட்டும் முழு மதிப்பெண் என்றும், நாய் படுத்த விதம் மிகவும் நன்றாக இருந்தது என்றும் நடுவர் எழுதியிருந்தார்.

கேப்டன் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். துரை உள்ளே கூண்டில் இருந்தது. நான் அவர் பேசுவதற்காக நின்றேன். பல் டாக்டர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"இதுல நாய் தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் கேப்டன். "உங்க தப்புன்னும் சொல்ல முடியாது. நான் பொருளைக் கையில வாங்கிப் பாத்திருக்கணும். முப்பது வருஷம் பசங்க ஷூ லேஸைப் பாத்தவன், இதைப் பாக்காம விட்டேன்."

அவர் தாளை நாலாக மடித்தார்.

"பேச்சுன்னா பேச்சுதான். வாரைக் கொடுங்கன்னு நான் கேக்கணும். ஆனா நேத்தெல்லாம் யோசிச்சேன் தம்பி. சாகப்போற பொண்ணு ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு. அதை நான் எப்படி மீறறது. இன்னொரு வருஷம் வெச்சுக்கங்க. டாக்டர் ஒத்துக்குவாங்க."

"ஒத்துக்கறேன் சார்" என்றார் பல் டாக்டர், தரையைப் பார்த்தபடி. "அவ சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது."

"அழைப்பு வந்தா?" என்றேன்.

"வந்தா பாத்துக்கலாம். அந்த வெளியூர்க் குழு இருக்கே."

அவ்வளவுதான். தலையை ஆட்டினால் போதும். துரை என் வீட்டுக்கு வரும். ஐந்தரைக்கு எழுவோம். மூன்றாவது கம்பம், பூங்காச் சுவர், நான்கு பாதம், இருநூற்று இருபது கிராம். அடுத்த வருடமும் கயிறு என் கையில் இருக்கும். யாராவது காணாமல் போவார்கள். மூன்றாம் நாள் கிடைப்பார்கள்.

கூண்டைத் திறந்து துரையின் பட்டையில் வாரை மாட்டினேன். அது கீழே குதித்தது. வாரைப் பல் டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ அப்படிச் சொல்லல சார்" என்றேன்.

"எப்படி?"

"துரையைப் பத்தி. அவ ஒண்ணுமே சொல்லல. நானா சொன்னது."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பல் டாக்டர் கையை முன்னால் கொண்டுவந்து வாரை வாங்கிக்கொண்டார். துரை என்னிடமிருந்து அவர் பக்கம் போய், அவருடைய இடது காலுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. யாரும் சொல்லாமலேயே.

"பின்ன என்னதான்பா சொன்னா?" என்றார் கேப்டன். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அது பித்தப்பைக் கல்லுக்கான சின்ன ஆபரேஷன். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவள் வார்டிலிருந்து நடந்தே வந்தாள். ஆபரேஷன் அறையின் கதவுக்கு வெளியே தள்ளுவண்டியில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். ஏறிப் படுத்தாள். நர்ஸ் போர்வையை இழுத்து விட்டார். நான் செல்போனில் அலுவலகத்துக்கு ஏதோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தபோது அவள் தலையைத் தூக்கி, போர்வைக்கு வெளியே கையை நீட்டித் தரையைக் காட்டினாள்.

"செருப்பை எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கோ. அங்கயே விட்டா எவளாவது போட்டுட்டுப் போயிடுவா."